பத்து நாள் காவல்

மதுரையிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டர் சென்றால், அழகர்மலையின் அடிவாரத்துச் செம்மண் புஞ்சைகளில் ஆடிப்பட்டத்து நிலக்கடலை விதைப்பு நடப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட ஒரு புஞ்சையின் வரப்பில், விதை விழுந்த மூன்றாம் நாள் காலை, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது, சீமைக்கருவேலப் புதரிலிருந்து ஒரு பெண்மயில் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. வந்த பறவை முதலில் அங்கும் இங்குமாக நாலைந்து இடங்களில் மண்ணைக் கால் நகத்தால் பறித்துப் பார்த்தது; ஒன்றும் அகப்படவில்லை. அதற்கடுத்த பறிப்பில் ஒரு பருப்பு வெளிப்பட்டது. அதை விழுங்கிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் நின்ற அந்தப் பறவை, பிறகு வலப்புறமோ இடப்புறமோ திரும்பாமல், உழவர் விதைத்த சாலிலேயே நேராக நடந்து, 10 செண்டிமீட்டருக்கு ஒரு தடவை குனிந்து, குனிந்த போதெல்லாம் ஒரு பருப்பை எடுத்துக்கொண்டே போயிற்று. வரிசைக்கு வரிசை 30 செண்டிமீட்டர், செடிக்குச் செடி 10 செண்டிமீட்டர் என்று வேளாண்மைத் துறையார் வகுத்துக் கொடுத்திருக்கும் இடைவெளியை அந்த மயில் கால் மணி நேரத்தில் பாடம் செய்துவிட்டது.

எதிர் வரப்பில் முக்காடிட்டுக் குந்தியிருந்த ஒரு மூதாட்டி, பழைய எண்ணெய்த் தகரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டே எழுந்து வந்தார். மயில் பறக்கவில்லை, நடந்தே ஒதுங்கிற்று. "முருகன் வாகனம்னு கும்புடத்தான் செய்றோம் தம்பி, அதுக்காக வெள்ளாமையைத் தூக்கிக் குடுத்திட முடியுமா? பத்து நாளைக்குக் காத்துட்டா முளைச்சுரும். முளைச்சிட்டாப் பாதிப் பயம் போச்சு. பெறகு காய் புடிக்கையிலதான் இதுகளும் பன்னியும் மறுபடி வரும்" என்று சொல்லி, பழமுதிர்ச்சோலை முருகன் கோயில் இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துவிட்டு மீண்டும் போய் உட்கார்ந்துகொண்டார்.

விதையை மண்ணில் இடுகிறவர் தம் குடும்பம் உண்பதற்காகவே இடுகிறார்; ஆயினும் இட்ட அந்தக் கணத்திலிருந்தே அது, அதை நாடக்கூடிய சகல ஜீவராசிகளுக்கும் ஓர் அழைப்பாகிவிடுகிறது. அழைக்க வேண்டும் என்ற நினைவே இல்லாமல் அழைப்பது உழவு. வந்ததைப் பிடிக்க வேண்டும் என்ற நினைவோடு அழைப்பது வேட்டை. தானியம் என்னவோ இரண்டிலும் ஒரே தானியந்தான். இவ்விரண்டுக்கும் நடுவே சட்டங்கள் எங்கே கோடு கிழிக்கின்றன, ஏன் அங்கே கிழிக்கின்றன என்பதை, சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு விளங்கிக்கொள்வது கடினம். இரை தேடும் பிராணிகளின் சுபாவத்தை அறிந்தால் அந்தக் கோடு தானாகவே தெரிகிறது.

காட்டில் உணவு சிதறிக் கிடக்கிறது. ஒரு புல்விதைக்கும் அடுத்த புல்விதைக்கும் நடுவே நடை, தேடல், ஏமாற்றம், எதிரியைப் பற்றிய எச்சரிக்கை ஆகிய இத்தனையும் இருக்கின்றன. ஒரு பறவை தன் பகற்பொழுதில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுகிறது. நிலக்கடலைப் பருப்போ, தன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயும் கால் பங்கு புரதமுமாக, மனிதன் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துக் கொழுக்க வைத்த ஆகாரம். அதுவும் வரிசை பிடித்து, ஒரே ஆழத்தில், ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. இதைக் கண்டும் காணாமற் போகின்ற மயில் மயிலாக இருக்க முடியாது. 1976-ஆம் ஆண்டில் எரிக் சார்னாவ் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதற்கு ஒரு கணித விதியையே வகுத்துக் காட்டினார். ஓரிடத்தில் மேயும் பிராணி, அங்கே தனக்குக் கிடைக்கும் வரும்படி குறைந்து, சுற்றுவட்டாரம் முழுவதிலும் கிடைக்கக்கூடிய சராசரி வரும்படிக்கு இறங்கும் வரையில் அங்கேயே இருக்கும். இறங்கியதும் இடம் பெயரும் என்பது அந்த விதியின் சாரம். வண்டு முதல் மான் வரையில் பல பிராணிகள் இந்தக் கணக்கை ஏறத்தாழச் சரியாகவே போட்டு நடக்கின்றன. மேய்ச்சலில் தீர்ந்துபோகும் இடத்தை அவை தாமாகவே விட்டுவிடுகின்றன. ஆனால் ஒரு மனிதன் நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரு மூட்டைத் தானியத்தைக் கொட்டிக்கொண்டிருப்பானாகில் அங்கே வரும்படி இறங்குவதே இல்லை. ஆகவே வந்த பிராணி போவதில்லை. போகாததோடு, மற்றவையும் வந்து சேர்கின்றன. இரை இடுதலின் வலிமை முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. அதனால் விளையும் தீங்கும் இங்கிருந்தே பிறக்கிறது.

நம் முன்னோர் இதைக் கணிதமாக எழுதவில்லையாயினும் பிரத்தியட்சமாக அறிந்திருந்தார்கள். குறிஞ்சித் திணையின் பெரும்பகுதி, உற்று நோக்கினால், விளைந்த தினைக்கும் அதை நாடி வந்த கிளிக்கும் பன்றிக்கும் நடுவே நடந்த ஓயாத வழக்கைப் பின்னணியாகக் கொண்டது. பரண்மீது ஏறித் தட்டையும் தழலும் குளிரும் என்ற கருவிகளை ஒலித்துக் கிளி ஓட்டிய குறமகளைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு காட்டுகிறது. அழகர்மலை மூதாட்டியின் எண்ணெய்த் தகரம் அந்தக் கருவிகளின் வம்சத்தைச் சேர்ந்ததுதான். நற்றிணையின் 98-ஆம் பாட்டைப் பாடியவர் உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டிய மன்னர். புனத்தின் வேலியில் குறுகலான ஒரு வழி விட்டு, அதிலே பொறி வைத்திருக்கிறார்கள். மேய வந்த பன்றி அதனுள் நுழையும் நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்லி சொல்ல, அதைத் தீநிமித்தமாகக் கொண்டு மெல்லப் பின்வாங்கித் தன் கல்முழைக்கே திரும்பிவிடுகிறது. பல்லியின் நிமித்தத்தைப் பன்றி அறியுமா என்பது வேறு விஷயம். அடிபட்டுப் பழகிய பன்றி நுழைவாயிலில் நின்று மோப்பம் பிடித்துத் தயங்கும் என்பதை மதுரை மன்னர் ஒருவர் இத்தனை நுட்பமாகக் கவனித்திருக்கிறாரே என்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி.

அதே நற்றிணையில் 119-ஆம் பாட்டு இன்னும் ஆழமான ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. தினை தின்னும் பன்றிக்காகப் புனத்துக்காரன் சிறிய பொறியொன்றை இணைத்துப் பெரிய கல்லைத் தூக்கி நிறுத்தி வைக்கிறான்; அடார் என்பது அந்தக் கற்பொறியின் பெயர். அதில் பன்றி அகப்படவில்லை, புலி அகப்படுகிறது. தலைவனின் மலைநாட்டுச் சிறப்பாகப் புலவர் பாடிய இந்த நிகழ்ச்சியை, இன்றைய வனவிலங்கு ஆராய்ச்சியாளர் எவரும் ஒரு பிரச்சினையின் முதற்பதிவாக எடுத்துக்கொள்ளக்கூடும். இரையும் பொறியும் ஆள் பார்ப்பதில்லை. யாருக்கென்று வைத்தோமோ அவர் மட்டுமே வர வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லி வைக்க முடியாது. இவ்விஷயத்தில் உலகத்தார் இயற்றியிருக்கும் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே உண்மையைச் சுற்றி எழுந்தவை என்று நான் கருதுகிறேன்.

தானியத்தால் அழைப்பது ஒரு வழி. குரலால் அழைப்பது இன்னொரு வழி. பழகிய விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும் முறைக்குத் தமிழில் பார்வை என்றே பழம்பெயர் உண்டு. பார்வை விலங்கு என்ற சொல்லை அகராதிகளில் இன்றும் காணலாம். சிறுவயதில் மேலூர்ப் பக்கத்து மானாவாரிக் காடொன்றில் கௌதாரிக்கு இப்படிப் பார்வை வைத்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே வந்த மனிதர், துணி சுற்றிய ஒரு மூங்கிற் கூண்டை வெட்டவெளியில் வைத்து, அதைச் சுற்றிலும் விரல் நீளக் குச்சிகளை வளையமாக நட்டு, குச்சிக்குக் குச்சி நூலிழைச் சுருக்குகளைக் கட்டிவிட்டுத் துணியை உருவிக்கொண்டு புதர் மறைவுக்கு வந்தார். வெளிச்சத்தைக் கண்டதும் கூண்டுக் கௌதாரி கூவிற்று. மூன்றாவது கூவலுக்கு வேலிப் பக்கமிருந்து பதில் வந்தது. தன் எல்லைக்குள் அந்நியன் ஒருவன் புகுந்துவிட்டான் என்ற கோபத்தோடு, கழுத்தை நீட்டித் தரையோடு தரையாக ஓடி வந்த காட்டுக் கௌதாரி, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிற்று. அதன் கண் கூண்டைவிட்டு விலகவே இல்லை. இரண்டாவது சுற்றில் கால் மாட்டிக்கொண்டது. பசியைக் காட்டியும் அழைக்கலாம், மானத்தைச் சீண்டியும் அழைக்கலாம் என்பதை அன்று கண்டேன். அந்தப் பறவை தரையில் இறக்கையடித்த ஓசை பல நாள் என் காதில் இருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, வேட்டை என்ற சொல்லுக்கு அது தரும் இலக்கணம் எவ்வளவு அகலமானது என்பது புலனாகும். கொல்வதும் விஷம் வைப்பதும் மாத்திரம் வேட்டையாகா. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது ஆகிய அனைத்தும், இவற்றைச் செய்வதற்கான முயற்சியுங்கூட, அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவில் வேட்டை என்றே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, காடைக்குக் கேழ்வரகைத் தூவிவிட்டு வலையோடு காத்திருப்பவர், ஒரு பறவையும் வந்து விழாமல் வெறுங்கையோடு திரும்பினாலும், சட்டத்தின் கண்ணில் வேட்டையாடியவரே ஆவார். (மதுரைக் கடைகளில் வறுத்துக் கொடுக்கப்படும் காடை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை, வயலில் பிடித்த காட்டுக் காடையின் கதை வேறு.) மயிலோ, 1963-ல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டு, அச்சட்டத்தின் முதலாம் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது; அதைக் கொன்றவருக்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரையில் சிறைத்தண்டனை உண்டு.

அந்தச் சட்டம் முதன்முதலில் இயற்றப்பட்டபோது உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கம் நாட்டில் இருந்தது. 1991-ஆம் ஆண்டின் திருத்தந்தான் அதை அகற்றியது. அகற்றப்பட்ட பகுதியில், உரிமம் பெற்ற வேட்டைக்காரருங்கூடச் செய்யக்கூடாதவை எவை என்று ஒரு பிரிவு இருந்தது. அதிலே என் கவனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு வாசகம்: உப்புத்தரையிலும் நீர் அருந்தும் இடத்திலும் அவ்விடங்களுக்குச் செல்லும் வழியிலும் நின்று வேட்டையாடலாகாது என்பது. இதன் பின்னே ஒரு சரீர சாஸ்திரம் இருக்கிறது. புல்லிலும் தழையிலும் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. ஆகவே தழையுண்ணும் பிராணி எதுவாயினும், இரத்தத்தின் சமநிலை கெடாதிருக்க எங்கிருந்தாவது உப்பைத் தேடி நக்கியே தீர வேண்டும். அதற்கு அது விருப்பமன்று, நிர்ப்பந்தம். கோடையில் தண்ணீரும் அப்படித்தான். தப்பிச் செல்லும் வழி உள்ள பிராணியைத் தேடிப் பிடிப்பதற்கும், வந்தே ஆக வேண்டிய இடத்தில் மறைந்திருந்து அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிரிவை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டை மிகமிக நுணுக்கமாகக் கிழிக்க முயன்ற தேசம் அமெரிக்கா. அங்கே வேட்டை இன்றும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பொழுதுபோக்கு. மானுக்கென்றே தீவனப்புல் வகைகளையும், புறாவுக்கென்றே சூரியகாந்தியையும் பயிரிட்டு, அவை வந்தபின் சுடுகிறார்கள். ஆனால் வலசை வரும் பறவைகளின் விஷயத்தில் 1935-ஆம் ஆண்டு முதல் இரை தூவிச் சுடுவதற்குத் தடை இருக்கிறது. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்துப் பார்வை காட்டுவதும் அதே காலத்தில் தடுக்கப்பட்டது. பயிரிட்டு அழைப்பதற்கும் தூவி அழைப்பதற்கும் என்ன பேதம் என்று கேட்டால், அங்குள்ள விதி இப்படிப் பதில் சொல்கிறது: நிலத்தில் விளைந்து, அந்த நிலத்திலேயே உதிர்ந்த சூரியகாந்தி விதையைத் தின்ன வந்த புறாவைச் சுடலாம், செடியை அறுத்துச் சாய்த்து விதையைச் சிதறவிட்டிருந்தாலுங்கூடச் சுடலாம். வேறிடத்திலிருந்து ஒரு கூடை விதையைக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் சுடக்கூடாது. காட்டு வாத்துக்களுக்கோ விதி இன்னும் கடுமை. அறுவடைக்கு முன்பே வேண்டுமென்று சாய்க்கப்பட்ட பயிரின்மீது அவற்றைச் சுடலாகாது. கொட்டிய இரையைக் கூட்டி அள்ளி ஒரு மணி கூட மிச்சமில்லாமல் அகற்றிவிட்டாலும், அகற்றிய நாளிலிருந்து பத்து நாள் வரையில் அவ்விடம் இரையிட்ட இடமாகவே கருதப்படும். ஏனெனில் இரை போய்விட்டாலும் அதன் ஞாபகம் பறவையின் தலைக்குள் இருக்கிறது. அந்த ஞாபகம் அதை மீண்டும் மீண்டும் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. பறவையின் ஞாபகத்துக்கு ஒரு தவணை கொடுத்து எழுதப்பட்ட இந்தச் சட்ட வாசகத்தைப் படித்தபோது, மூதாட்டி சொன்ன பத்து நாள் எனக்கு நினைவு வந்தது.

இத்தகைய விதிகளுக்கு வேறொரு நியாயமும் உண்டு. ஒரு தொட்டியில் பல மான்கள் வாய் வைக்கும்போது எச்சிலோடு நோயும் பரிமாறப்படுகிறது. மான் இனத்தின் மூளையை அரித்துக் கொல்லும் தீரா நலிவு நோய் 1967-ல் கொலராடோ மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது பரவப் பரவ, மானுக்குத் தீனி கொட்டும் வழக்கத்தைப் பல மாநிலங்கள் தடை செய்தன.

இனி நம்மூர்ச் செய்திக்கு வருகிறேன். சொல்வதற்கு வருத்தமான செய்தி. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மதுரைக்கு அருகே நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. விஷம் கலந்த நெல்லைத் தின்றிருக்க வேண்டும் என்று அப்போது ஐயுறப்பட்டது. வேளாண் நிலங்களில் மயில்கள் இவ்வாறு கொத்தாக இறந்து கிடப்பது தமிழ்நாட்டில் அது முதல் தடவையுமன்று, கடைசித் தடவையுமன்று. இப்படிக் கூட்டமாக ஏன் இறக்கின்றன? மயில் கோழி இனத்தைச் சேர்ந்தது. கோழிக்கு இருப்பதைப் போலவே அதன் கழுத்தடியில் கண்டப்பை என்ற ஒரு சேமிப்புப் பை உண்டு. திறந்த வெளியில் தலை குனிந்து நிற்பது ஆபத்தாகையால், கிடைத்ததை அவசரமாக விழுங்கிப் பையில் நிரப்பிக்கொண்டு, பின்பு மறைவிடத்தில் போய் நின்று நிதானமாகச் சீரணிப்பது அதன் இயல்பு. நரிக்கும் நாய்க்கும் தப்புவதற்காக இயற்கை அளித்த அந்த ஏற்பாடே விஷத்தின் முன்னால் அதற்கு எமனாகிவிடுகிறது. முதல் மணியின் வேகம் உடம்பில் தெரிவதற்குள் நூறு மணிகள் பையில் இறங்கிவிடுகின்றன. ஒன்று தின்பதைக் கண்டு மற்றவையும் வந்து தின்கின்றன.

எலியின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. எலிக்கு வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே புதிதாக எதைக் கண்டாலும் அது அஞ்சுகிறது. அஞ்சி அஞ்சிச் சிறிதளவு கொறித்துவிட்டுக் காத்திருக்கிறது. உடம்புக்கு ஒவ்வாவிட்டால் பிறகு அதைத் தொடுவதே இல்லை. 1955-ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர், இனிப்பு நீரைக் குடித்த எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நோயுறச் செய்து, அதற்குப் பின் அவை அந்த இனிப்பையே வெறுத்து ஒதுக்குவதை நிறுவினார். நம் உழவர்களுக்கு இது புதிதன்று. எலிக்கு மருந்து வைப்பவர் முதல் இரண்டு நாள் விஷமில்லாத வெறும் பொரியை வைத்து எலியின் சந்தேகத்தைப் போக்கி, மூன்றாம் நாள்தான் துத்தநாக பாஸ்பைடு கலந்ததை வைப்பார். இரைப்பையின் அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறிக் கொல்லும். இந்த முறையில் நான் மதிக்கும் அம்சம் வேறொன்று. முறையறிந்தவர் அந்தப் பொரியை வரப்பின்மேல் தூவமாட்டார். எலி குடியிருக்கும் வளையாகப் பார்த்து, வளைக்குள்ளே வைத்து, வாயை மண்ணால் அடைப்பார். மறுநாள் செத்துக் கிடப்பவற்றைப் பொறுக்கிப் புதைப்பார். யாரை நினைத்து வைத்தாரோ அவரைத் தவிர வேறெவரும் வந்து தின்னாதபடி இரைக்குக் கதவு போடுகிறார். திறந்த வெளியில் தூவப்பட்ட விஷ நெல்லுக்குக் கதவேது? மயிலோடு மாடப்புறாவும், மைனாவும், சில சமயம் மேய்ச்சல் ஆடும், செத்ததைத் தின்ற நாயும் போகின்றன. பூச்சிக்கென்று வயலில் இடப்படும் கார்போஃபியூரான் குருணையில் ஒரே ஒரு மணி ஒரு சிட்டுக்குருவியைக் கொல்லப் போதும். பறவைகள் இலட்சக்கணக்கில் மடிந்ததைக் கண்டே 1990-களில் அமெரிக்கா அந்தக் குருணையைக் கைவிட்டது.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பழத்துக்குள்ளோ தின்பண்டத்துக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து பன்றியின் தடத்தில் போட்டுவிடுவார்கள். கடித்ததும் வெடித்துத் தாடையைப் பிளந்துவிடும். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில், சினையாயிருந்த ஒரு யானை இப்படி வாய் சிதைந்து, வெள்ளியாற்றின் நீரில் தும்பிக்கையையும் வாயையும் அமிழ்த்தியபடியே நின்று இறந்ததை நாடே கண்டு கலங்கிற்று. அது பன்றிக்கு வைத்த காய் என்றுதான் விசாரணை சொல்லிற்று. இலங்கையிலும் ஹக்க பட்டாஸ் என்ற பெயரில் இதே வெடி யானைக்கன்றுகளைக் கொன்றுவருகிறது. உடனே சாகாமல், தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாவது இதன் விசேஷக் கொடுமை. பன்றிக்கு வைத்த அடாரில் புலி விழுந்தது போலவே, பன்றிக்கு வைத்த காயில் யானை விழுந்தது.

பயிரைக் கொண்டு பிராணியை அழைக்கும் வித்தை இப்படி முழுவதும் இருளாகவே முடிய வேண்டியதில்லை. யானைமலை ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரியின் பக்கம் சென்றால், பொறிப்பயிர் என்ற சொல்லைக் கேட்கலாம். நிலக்கடலைக்கும் பருத்திக்கும் வரப்போரமாக ஆமணக்கை நட்டுவைப்பார்கள். புகையிலைப் புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குக் கடலை இலையைவிட ஆமணக்கின் அகன்ற இலைமேல் பிரியம் அதிகம். இரவில் வந்து அதிலே குவியலாக முட்டையிடும். காலையில் அந்த ஓர் இலையைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் வயலுக்குள் நுழையாமலே போகும். தக்காளித் தோட்டத்தில் செண்டுமல்லி வரிசை இதே வேலையைக் காய்ப்புழுவுக்குச் செய்கிறது. வயலின் நடுவே ஆங்கில T எழுத்து வடிவில் குச்சி நட்டு வைத்தால், பகலில் கரிச்சான் வந்தமர்ந்து புழுவைப் பொறுக்கும். இரவில் கூகை வந்தமர்ந்து எலியைப் பிடிக்கும். இங்கேயும் நடப்பது அழைப்புத்தான், ஈர்ப்புத்தான். ஆனால் அழைக்கப்பட்டவர் மாத்திரம் வருகிறார். ஆமணக்கு இலையில் முட்டையிட மயில் வருவதில்லை.

மயிலும் பன்றியும் செய்யும் சேதத்தை அற்பமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்மாய்களும் புஞ்சைகளும் சீமைக்கருவேலத்தால் மூடப்பட்டு மயில்களுக்கு அடர்ந்த மறைவிடம் கிடைத்ததும், அவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்று தொகையைக் கட்டுப்படுத்திய நரி இந்தச் சமவெளியில் அருகிப்போனதும், பயிரிடுகிறவர் செய்த குற்றமன்று. ஓர் இரவில் ஒரு பன்றிக் கூட்டம் அரை ஏக்கர் கடலையை உழுது போட்டுவிட்டுப் போனால், அந்த வருஷத்துக் கடனை அடைக்க வேண்டியவர் அவரே. 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை மறக்கவில்லை. நிலத்தில் நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் சில விலங்குகளை, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான ஆணையின்பேரில் அகற்ற அதன் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றியைக் குறித்து ஒரு முறையை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடுவதில்லை, ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடுவது, மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. தூரத்தை அளவுகோலாக வைத்தது அறிவுடைய செயல் என்றே சொல்வேன். காட்டின் ஓரத்துப் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் ஆகாரம், ஊருக்குள் வந்த பன்றிக்கு அங்கே எதிரியே இல்லை. துப்பாக்கி பிடித்தவர் தாம் சுடுவது பன்றியா, வேறொன்றா என்று பார்த்தே சுடுகிறார். அவுட்டுக்காயால் அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் அறிவிப்புக்கும் மேலூர்ப் புஞ்சைக்கும் நடுவே எத்தனை மனுக்கள், எத்தனை நடைகள் என்பதைக் குறைக்காதவரையில், விஷ நெல்லைக் கையில் எடுக்கத் துணியும் மனிதரின் ஆத்திரமும் குறையாது.

பத்தாம் நாள் காலையில் மீண்டும் அந்தப் புஞ்சைக்குப் போயிருந்தேன். முந்தின வாரம் பெய்த ஒரு தூறலில் மண் பொருக்குத் தட்டி, அந்தப் பொருக்கை முதுகால் முட்டித் தூக்கிக்கொண்டு கடலை முளைகள் வரிசையாக வெளிவந்திருந்தன. சில இடங்களில் மாத்திரம் நாலு முழம், ஐந்து முழத்துக்கு வரிசை அறுந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. அதே புதரிலிருந்து அதே நேரத்துக்குப் பெண்மயில் வந்தது. முதல் வரிசையின் தொடக்கத்தில் நின்று, பழைய இடத்திலேயே இரண்டு தரம் பறித்துப் பார்த்தது, நின்று யோசித்தது, பிறகு வரிசையை விட்டு விலகி, வரப்போரத்துக் கறையான் புற்றைக் கொத்தத் தொடங்கிற்று. மூதாட்டி அதை விரட்டவில்லை. தகரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பன்றிக்காக வேலியில் கட்டுவதற்கென்று ஒரு பழைய சிவப்புச் சேலையை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தார். "வெத்தலை இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காய் புடிக்கையில வாங்க, அப்பக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, கிழித்த துணியின் முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.